மஞ்சள் வேட்டிக்குள் வைத்தது

என்னங்க,

குளிச்சிட்டு வந்து இந்த மஞ்சள் வேட்டியைப் பிரிப்பீங்கன்னுதான் இதுக்குள்ள வைக்கிறேன். படிச்சதும் அடுப்படிக்கு ஓடி வராதீங்க. உங்க முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது.

வியாழக்கிழமை மண்ணச்சநல்லூருக்கு அரிசி வாங்கப் போறேன்னு சொன்னது பொய். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அரிசி அம்மா மண்டபம் ரோட்டுக் கடையில வாங்கினது. சோறு குழையுதுன்னு மட்டும் சரியாக் கண்டுபிடிச்சீங்க.

மூணு வாரம் முன்னாடி குளிக்கும்போது, இடது மார்பு ஆபரேஷன் தழும்பு ஓரத்துல மிளகு மாதிரி ஒண்ணு கையில தட்டுப்பட்டுது. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தாங்க. அதேதான். அதே இடத்துல. வேற எங்கயும் இருக்கான்னு ஸ்கேன் எடுக்கணுமாம். திங்கட்கிழமை உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

லால்குடிக்கு, உங்க அக்காவுக்குப் போன் போட்டுடாதீங்க. போன தடவை ஒரு வேன் ஆளுங்க ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து என்னைச் சுத்தி உட்கார்ந்து அழுதது போதும்.

அஞ்சு வருஷம் தாண்டினா பால்குடம் எடுக்கிறேன்னு சமயபுரத்தாகிட்ட வேண்டிக்கிட்டீங்க. தாண்டிட்டேன். அதனால இன்னிக்கு எடுங்க, நிறுத்தாதீங்க. ஆனா சந்நிதியில நன்றி சொல்லிட்டுத் திரும்பிடாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க. கெஞ்ச வேணாம், அதட்டிக் கேளுங்க.

இப்படிக்கு,
அடுப்படியில நிக்கிறவ