தோற்றது என்ற சொல்

குவேக்கர்ஸ் ஹில்
ஞாயிறு காலை

அன்பு மகள் வினுஷாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், ஜெர்மனியில் லைப்சிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க அம்மனைக் கும்பிடுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன கிழமை இங்கே எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தில் அப்பா பேசினார், நீ அனுப்பிய புத்தகங்களை வாசித்துவிட்டு, முதலாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் பிறந்த குடியரசைப் பற்றி. எல்லோரும் நன்றாகத்தான் கேட்டார்கள். வெல்கிறோம் வெல்கிறோம் என்றே கடைசிவரை சனத்துக்குச் சொன்னார்களாம், பிறகு தளபதிகள் ஒதுங்கிக்கொள்ள, போரை நிறுத்தக் கையெழுத்திட்ட பழி புதிய அரசின் தலையில் விழுந்ததாம், கையெழுத்திட்ட ஒருவரைத் துரோகி என்று சுட்டே கொன்றார்களாம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். தோற்றதைத் தோற்றது என்று ஒப்புக்கொள்ளாத சனம் அடுத்த பொய்யையும் நம்பும், எங்கள் ஊர்ச் சண்டையில் நாங்களும் அப்படித்தான் என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லிவிட்டார்.

அப்பாவோடு தினமும் காலையில் நடக்கும் கணேசலிங்கம் அங்கிள் எழும்பினார். அவருடைய மூத்தவன் துஷாந்த் வன்னியில் கடைசிச் சண்டையில் போனவன், உனக்குத் தெரியும். "தோத்தது எண்டு லேசாச் சொல்லிப்போட்டாய் இந்திரன், அப்ப என்ர பிள்ளை என்னத்துக்குச் செத்தவன்?" என்று கேட்டார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள்தான் துரோகி என்று கத்தினார்கள். அப்பா மைக்கைக் கீழே வைத்தார். இனி இப்படியான பேச்சு வேண்டாம் என்று அங்கேயே கையுயர்த்தி முடிவெடுத்தார்கள். அன்றிலிருந்து அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுகிறார், அங்கிள் கூட்டிப்போக வராததால் காலை நடையும் இல்லை. அப்பா சொன்னது பிழை என்று நான் நினைக்கவில்லை மகள், ஆனால் பிள்ளையைக் கொடுத்தவர் முன்வரிசையில் இருந்ததை அவர் நினைத்திருக்க வேண்டும்.

நேற்று நான்தான் அப்பாவை வற்புறுத்தி அங்கிள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்த அங்கிள் கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணியும் ஊற்றித் தந்தார். பிறகு அங்கிள், "அந்த ஜெர்மன் சனத்திலையும் பிள்ளையளைக் குடுத்த தாய்தேப்பன் இருந்திருப்பினம்தானே, அவையளுக்கு ஆர் என்ன சொன்னது?" என்று கேட்டார். அப்பா, "அதை நான் தேடி வாசிக்கேல்லை, கணேஸ்" என்றார். வரும் வழியெல்லாம் காரில் அழுதார்.

நீ அந்த நாட்டில் இருக்கிறாய், அங்கிள் கேட்டதை விசாரித்துப் பார். ஏதும் கிடைத்தால் அப்பாவுக்கு வேண்டாம், நேரே அங்கிளுக்கே எழுது. தமிழில், பெரிய எழுத்தாக எழுது, அவருக்குப் பார்வை குறைவு.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிரு மகள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
விமலாதேவி