உள்ளங்கால்

மார்ச் 14, வியாழன்

"சயா, வலி போகுது போகுதுங்கறீங்களே, அது எங்க போகுது?"

நேற்று விரத நாள். மடத்துச் சாவடியில் தியானம் முடிந்து எல்லோரும் முட்டியை நீவிக்கொண்டு எழும்போது ஓன் மே இப்படிக் கேட்டார். சந்தை மூலையில் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், விற்கிறவர். விடிவதற்கு முன்பே கெளுத்தி மீன் குழம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும். அவருக்கும் என்னைப் போலச் சர்க்கரை. என்னைப் போலவே கால் எரிச்சல்.

முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் சயாவாக, வாத்தியாராக நின்றவனிடம் கேள்வி கேட்டால் சும்மா விடுவானா? "ஒரு உப்புக்கல்லைத் தண்ணியில போடுங்க. எங்க போகுது? எங்கயும் போகலை, கரையுது. நம்ம கவனம்தான் தண்ணி, வலி உப்பு" என்றேன். நாலு வருடம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்த என் கால், தியானத்தில் உட்கார ஆரம்பித்த ஆறாவது மாதம் எரிச்சலை விட்டதையும் சொன்னேன். ஒன்றரை வருடமாகப் பூப்போல இருக்கிறது. சாவடியே தலையாட்டியது.

ஓன் மே மட்டும் போகும்போது, "எனக்குக் கல்லு உப்பு போல சயா, கரைய மாட்டேங்குது" என்றார். சிரித்தோம்.

மார்ச் 20, புதன்

பௌர்ணமி. மலைமேல் பகோடாவில் நல்ல கூட்டம். மதியம் ஒரு மணி வெயிலில் பளிங்குத் தரை அடுப்பாக இருந்தது. எல்லோரும் நார்ப்பாய் விரித்த ஓரத்தில் ஓடினார்கள். பொடியன்கள் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி துள்ளினார்கள். நான் பாயை விட்டு இறங்கி வெறுங்கல்லில் மூன்று சுற்று நடந்தேன். தூக்கு, நகர்த்து, வை. தூக்கு, நகர்த்து, வை. ஒவ்வொரு அடியையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே.

சூடே தெரியவில்லை! யாரோ ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பெருமைப்படுகிறேன், பெருமைப்படுகிறேன் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் பெருமை போகவில்லை.

மார்ச் 22

காலையில் பாயில் ஈரம். "சொம்பைத் தட்டிவிட்டீங்களா?" என்றாள் என் மனைவி கின் லே. இல்லையே.

மார்ச் 23, சனி

கின் லே தரை துடைத்துக்கொண்டிருந்தவள் என் காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"சயா... உங்க கால்ல தோலைக் காணோம்."

எனக்குக் குனிந்தால் வயிறு தடுக்கும். அவள் முகத்தில் தனக்காச் சாந்து பூசும்போது பார்க்கிற கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து காலுக்குக் கீழே பிடித்தாள். இடது உள்ளங்காலின் முன்பாதி சிவந்த ஈர இறைச்சியாக இருந்தது. அறுபத்தேழு வயதில் என் உள்ளங்காலை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. இந்த ஊரில் யார் பார்க்கிறார்கள்? உள்ளங்காலை யார் பக்கமும் காட்டக்கூடாது என்றுதானே வளர்ந்தோம். அடுத்தவருக்குக் காட்டக்கூடாததை நாமும் பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வா என்கிறாள். வலிக்கவே இல்லை, எதற்கு? களிம்பு போட்டிருக்கிறேன்.

மார்ச் 29, வெள்ளி. ஆஸ்பத்திரி

இரண்டு நாளாக வீட்டில் ஒரு வாடை. எலி செத்திருக்கிறது என்று கின் லே பெட்டிகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தாள். எலி இல்லை. நான்தான்.

டாக்டர் நீலார் சின்னப் பெண். கையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. "கண்ணை மூடிக்குங்க சயா. நான் தொடுறப்ப எல்லாம் 'ம்'னு சொல்லுங்க." மூடினேன். காத்திருந்தேன். கவனம் முழுவதையும் காலில் வைத்தேன், இரண்டு வருடப் பழக்கமாயிற்றே. வெகு நேரம் கழித்து, "எப்பம்மா ஆரம்பிக்கப் போறே?" என்று கேட்டேன்.

"முடிச்சுட்டேன் சயா. ரெண்டு கால்லயும் பத்துப் பத்து எடம்."

எரிச்சல் எப்போது நின்றது என்று கேட்டார். ஒன்றரை வருடம் ஆகிறது, தியானத்தால் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "நரம்பு எரியுறப்ப உயிரோட இருந்துச்சு. எரியாம போனப்பதான் நீங்க ஓடி வந்திருக்கணும்."

சர்க்கரை முந்நூற்று எண்பது. மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா? ஞாபகம் வந்த நாளில் போட்டேன். சுண்டுவிரலும் அடுத்ததும் கறுத்துவிட்டன, அவை போய்விடும். சிவப்பு மேலே ஏறுகிறது. கணுக்காலுக்கு மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டார். சிவப்பு அதைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும்.

கோட்டுக்கு இன்னும் மூன்று விரற்கடை.

மார்ச் 30

மூன்று விரற்கடைதான். காலையில் பார்த்தேன். மதியமும் பார்த்தேன்.

இரண்டு வருடம் எதற்காக உட்கார்ந்தேன்? விடிகாலை எழுந்து, முதுகு நிமிர்த்தி, மூச்சை எண்ணி — எதற்கு? நான் பக்குவம் என்று நினைத்தது செத்த நரம்பு. காய்ந்த கொடியைப் பார்த்து, ஆஹா இது ஆடாமல் அசையாமல் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மெச்சிய மடையன் நான். அதைப் போய் உப்பு, தண்ணீர் என்று ஊருக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

எனக்கு யார் மேல் கோபம்? என் மேலேதான். இல்லை, மடத்தின் மேலும் கோபம்தான். பொய் எதற்கு, இதை யார் படிக்கப் போகிறார்கள்? மடத்தின் தலைமைத் துறவி சயாடோ மேலும் கோபம். அந்த மூச்சு மேலயே கோபம். போதும்டா சாமி, எனக்கு எதுவும் வேணாம், காலைக் குடுத்துரு, அது போதும்.

கால் இல்லாமல் அந்த மலைப்படிகளில் எப்படி ஏறுவேன்? கின் லே என்னை எப்படித் தூக்குவாள்? அவள் எடை நாற்பது கிலோ.

ஏப்ரல் 2

இரண்டு விரற்கடை.

ஏப்ரல் 4, வியாழன்

இன்று விரத நாள். நான் இங்கே என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் பனைவெல்லம் வைத்துவிட்டுப் போனார்கள். கின் லே துணி துவைக்கப் போனாள். 'வேண்டும், வேண்டும்' என்று குறித்துக்கொண்டேன். அப்படிக் குறித்தால் ஆசை அடங்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! குறித்துக்கொண்டே நாலு உருண்டை தின்றேன்.

மாலைச் சோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். கின் லே நர்ஸைப் பார்த்தாள். பிறகு என் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "கால் போனா என் முதுகுல ஏறிக்கலாம்னு நெனப்பா? நான் என்ன மாட்டுவண்டியா?" என்றாள். வெளியே போய் அழுதிருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

ஒன்றரை விரற்கடை.

ஏப்ரல் 6, சனி

சயாடோ வந்தார். என் கால் மூன்று தலையணைமேல் தூக்கி வைக்கப்பட்டு, உள்ளங்கால் நேரே வாசலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே நுழையும் துறவிக்கு நேராக உள்ளங்கால்! பதறிக்கொண்டு மடக்கப் போனேன்.

"இருக்கட்டும் தாயகா, அசைக்காதீங்க" என்றார், துறவிகள் இல்லறத்தாரை அழைக்கிற வழக்கப்படி. சுற்றி வந்து என் தலைமாட்டில் நிற்பார் என்று நினைத்தேன். கால்மாட்டிலேயே நின்று, குனிந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த இடத்தை எல்லாம் பார்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கேட்டுவிட்டேன். "ரெண்டு வருஷமும் வீணா? நான் பண்ணதெல்லாம் ஏமாத்தா?"

"வலியைப் போக்குங்கன்னு நான் என்னைக்குச் சொன்னேன்? இருக்கறதைக் குறிச்சுக்கங்கன்னு சொன்னேன். கல்லு மேல கால் வச்சீங்க. என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப 'ஒண்ணும் தெரியல'ன்னு குறிச்சிருக்கணும். நீங்க 'நல்லா இருக்கு'ன்னு குறிச்சீங்க."

எனக்கு இது பிடிக்கவில்லை. அவர் போன பிறகும் கோபமாகவே இருந்தேன். கால் அவருடையதா, என்னுடையதா? பரீட்சை முடிந்த பிறகு விடை சொல்வது யாருக்கும் எளிது.

ஆனால் சாயங்காலம் யோசித்தேன். பகோடாவில் முதல் அடி வைத்தபோது ஒரு கணம், கால் இருக்கிற இடத்தில் பஞ்சு இருப்பது போல் இருந்தது. விசித்திரமாக இருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதை அப்போதே தள்ளிவிட்டேன். அது எனக்குத் தெரியும். அதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

ஒரு விரற்கடைக்கும் குறைவு.

ஏப்ரல் 11, வியாழன்

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 13, சனி

திஞ்ஞான், புது வருடத் தண்ணீர்த் திருவிழா. ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்கத் தண்ணீரை வாரி இறைக்கிறது. பாட்டும் கூச்சலும். என் கால்மேல் ஒரு சொட்டு விழக்கூடாது என்று கின் லே ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.

காலில் புலன் இல்லை, ஆனால் கண்ணில் இருக்கிறது. அதனால் இப்போது கண்ணால் உட்காருகிறேன். காலை, மதியம், மாலை, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பத்து மூச்சு. சிவப்பு, சிவப்பு. கறுப்பு. ஈரம். பயம், பயம். 'நல்லா இருக்கு' என்று எழுதுவதில்லை.

சிவப்பு கோட்டைத் தொட்டதோடு நிற்கிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இனி எந்தப் பக்கம் போகும் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 17

புது வருடம். கின் லே சந்தைக்குப் போய்வந்து சொன்னாள். "ஓன் மே ஒரே சந்தோஷத்துல இருக்காங்க. எரிச்சல் போயிருச்சாம். 'சயா சொன்ன உப்பு எனக்கும் கரைஞ்சிருச்சு, சயாகிட்ட சொல்லுங்க'ன்னாங்க."

கையில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18

கின் லேயைத் திருப்பி அனுப்பினேன், அது நல்லதல்ல, உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று. ஓன் மே சிரித்தாராம். "பாவம் சயா. கால்ல கத்தி வச்சதும் தியானத்து மேலயே நம்பிக்கை போயிருச்சு. நான் அவருக்காக விளக்கேத்தறேன்னு சொல்லுங்க."

நான் கற்றுக்கொடுத்த பாடம். எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார்! நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சாவடியில், எல்லோர் முன்னாலும். ஆனால் என்னால் நிற்கக்கூட முடியாது. அது மட்டும்தான் காரணமா? இல்லை. வெட்கம். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட, 'நேத்து நான் சொன்னது தப்பு' என்று வகுப்பில் சொன்னதில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு நெல் அளவு. கின் லேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாக்டரைக் கூப்பிட்டேன். தரை துடைக்கிற அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மே 3, வெள்ளி

வீடு. அந்தக் காலை ஊன்றக் கூடாது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து உடற்பயிற்சி. கையைத் தூக்கி மூச்சை இழு, இறக்கி விடு, இடுப்பைத் திருப்பு. கின் லேயும் எதிரே ஒரு நாற்காலி போட்டுச் செய்கிறாள். "ரெண்டு பொம்மலாட்டப் பொம்மை மாதிரி இருக்கோம், யாராவது நூலைப் புடிச்சா தேவலை" என்கிறாள். பிறகு ஊசி, மாத்திரை, அதன் பிறகுதான் சாப்பாடு. டின்பால் டீ கிடையாது. பாதித் தட்டு காய், கொஞ்சம் சோறு, மீன். டீக்கடை வாசனை தெரு வழியாக வரும்போது இன்னும் வாய் ஊறுகிறது. ஊறுகிறது என்று குறித்துக்கொள்கிறேன். சில நாள் அது போகிறது. சில நாள் கின் லே கதவைச் சாத்துகிறாள்.

காலில் புண்ணின் குழி மூடிவருகிறதா? "இன்னும் சொல்ல முடியாது" என்கிறார் டாக்டர். ஒவ்வொரு வியாழனும் அதையேதான் சொல்கிறார்.

மே 12

ஓன் மே இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கடைக்கு ஆள் இல்லையாம். ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டே இருக்கிறது.

மே 18, சனி. கசோன் பௌர்ணமி

போதி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள், சாவடி நிறையும். சைக்கா என்கிற சைக்கிள் வண்டியில் என்னை ஏற்றி இறக்கினார்கள். தியானம் முடிந்ததும் சயாடோவிடம் அனுமதி கேட்டேன். தலையசைத்தார்.

நாற்காலியைத் திருப்பச் சொன்னேன், கால் புத்தர் பக்கம் நீளாமல் வாசல் பக்கம் இருக்கும்படி. கட்டை அவிழ்த்தேன். எல்லோரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு, உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போன தடவை உப்பு கரையும்னு சொன்னேன். தப்பு. என் வலி கரையலை. அதைப் பலகையில எழுதுற சாக்கட்டியே தீர்ந்துபோச்சு. பலகை காலியா இருக்குன்னு நான் கைதட்டினேன்."

பேச்சு அதற்கு மேல் வரவில்லை. தயாராக வைத்திருந்த மூன்று உதாரணமும் மறந்துபோனது. "மா ஓன் மே, உங்க காலைக் காட்டுங்க" என்றேன்.

"ஐயய்யே! சயாவுக்கு நேரா நான் காலை நீட்டறதா? செத்தாலும் மாட்டேன்."

"நான் நீட்டியிருக்கேனே."

"நீங்க சயா. நீட்டலாம்."

"இப்ப நான் சயா இல்லை, நோயாளி. நீட்டுங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. லுங்கியை இழுத்து மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வலது காலை நீட்டினார். கின் லே கண்ணாடியோடு உட்கார்ந்தாள். ஒன்றும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பிறகு இடது கால்.

குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி. கின் லே விரலால் அழுத்த, சீழ் வந்தது. சீழுக்குள் ஒரு முள்ளின் நுனி. கெளுத்தி முள். அது குத்தினால் மீன் சந்தையே திரும்பிப் பார்க்கும்படி ஆட்கள் அலறுவதைக் கேட்டிருக்கிறோம்.

கின் லே முள்ளைப் பிடுங்காமல் கைக்குட்டையால் மூடினாள். ஓன் மே கண்ணாடியை வாங்கித் தானே பார்த்தார்.

"எப்ப குத்துச்சு?" என்று என்னைக் கேட்டார், எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல. "சயா, எப்ப குத்துச்சு?"

மே 20, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும் ஓன் மேயும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பேரும் கால் நீட்டியபடி. டாக்டர் நைலான் இழையை எடுத்தபோது ஓன் மே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். பத்தில் மூன்று இடத்தில் 'ம்' சொன்னார். முள் ஆழம், ஆனால் எலும்புக்குப் போகவில்லை. கால் தப்பிக்கும் என்றார் டாக்டர்.

என் காலைப் பற்றிக் கேட்டேன். "இன்னும் சொல்ல முடியாது சயா. ஆனா இன்னைக்குச் சுத்தமா இருக்கு."

திரும்பும் வழியில் மடத்தில் இறங்கி, சாவடியின் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிவிட்டு வந்தேன். உட்கார்ந்தபடி எழுதியதால் எழுத்து கோணல். எழுதியது இதுதான்:

நாளைக் காலை, கண்ணை மூடி உட்காருவதற்கு முன்னால், ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உங்கள் இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள்.