துணி படக்கூடாது

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஆன்டெனாக்கள் இரண்டும் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பஸ்ஸில் என் மடியிலேயே வந்தன. கண்டக்டர் இரண்டு முறை "சோலாரா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கல்லூரி மாடியில் தார் போடுகிறார்கள், இரண்டு மாதம் யாரும் ஏறக்கூடாதாம். நான் கருவியோடு ஏற வேண்டிய ஆராய்ச்சிக் கப்பலோ ஏப்ரலில் கிளம்புகிறது. ஆகவே என் ஆராய்ச்சி இனி எங்கள் வீட்டு மொட்டைமாடியில்.

அப்பா டிப்பரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "கடலுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி ஒக்காந்துகிட்டு அலைய அளக்கப் போறியா?"

"இங்க சோதனதான்ப்பா. கப்பல்லதான் அளப்பேன். இதுவும் ராடார்தான், ஆனா எதையும் அனுப்பாது. செயற்கைக்கோள் அனுப்பிக்கிட்டே இருக்குல்ல, உங்க போன் வழி காட்டுதே, அதே சிக்னல். ஒரு ஆன்டெனா அத நேரா வாங்கும். இன்னொண்ணு கடல்ல பட்டுத் திரும்புறத வாங்கும். தண்ணி சும்மா இருந்தா பலமா திரும்பும். அலை அடிச்சா செதறிப்போயி கொஞ்சமாத்தான் வரும். எவ்ளோ கொறையுதோ, அதுலேர்ந்து அலை ஒசரத்தக் கணக்குப் போடலாம்."

அப்பா யோசித்தார். "அப்ப ஓசி சிக்னலா?"

நாலு வருட ஆராய்ச்சி. ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

14 பிப்ரவரி

கோபம் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த ஊரில் விடிந்தால் எல்லா வீட்டிலும் தூசி துடைப்பதுதான் முதல் வேலை. லாரித் தூசி, கல் தூசி, சிமெண்ட் தூசி. அம்மா அதில் ராணுவம். ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி மூடி, கேஸ் சிலிண்டரின் கழுத்து வரை துடைப்பாள். இன்று ஆன்டெனாவையும் துடைத்திருக்கிறாள். கேபிள் கழன்று ஒரு நாள் அளவு முழுக்கப் போச்சு.

கத்திவிட்டேன். போதாது என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அருகில் ஒட்டினேன்: "அம்மா, இதைத் தொடக்கூடாது. துணி படவே கூடாது."

"தொடல போ. தூசியோட கெடக்கட்டும்" என்றாள். இரவு முகம் கொடுத்துப் பேசவில்லை.

2 மார்ச்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அப்பா அனுமதி வாங்கிக் கொடுத்தார். வேலை முடிந்த பழைய பள்ளம், நிறையத் தண்ணீர். கரையில் ஆன்டெனாவைச் சாய்த்து வைத்தேன். காற்றே இல்லை. திரும்பி வந்த சிக்னல் கணக்குப் போட்டதுபோலவே இருந்தது. குதித்தேன். அப்பாவும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

29 மார்ச்

கப்பலின் தலைமை விஞ்ஞானி வேணுகோபால் சார் போனில் பேசினார். பத்து நாள் பயணம். கப்பல் நிற்கும் இடத்தில் அலை அளக்கும் மிதவை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. என் அளவு அதோடு ஒத்துப்போனால் கருவி நிரந்தரமாகக் கப்பலில் இருக்கும். இல்லையென்றால் அந்த இடம் இன்னொரு ஆராய்ச்சி மாணவனான அறிவரசனின் கேமராவுக்கு. "ஒரு எடந்தாம்மா இருக்கு" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

11 ஏப்ரல், கப்பல்

சென்னையை விட்டாயிற்று. நேர் சிக்னல் வாங்கும் ஆன்டெனா கம்பத்தின் உச்சியில். கடலைப் பார்ப்பது கீழ்த்தளக் கைப்பிடிக் கம்பியில், வெளிப்பக்கம் சாய்ந்தாற்போல்.

12 ஏப்ரல்

வாந்தி. வேறு செய்தி இல்லை.

13 ஏப்ரல்

மிதவை: 0.9 மீட்டர். நான்: 1.0 மீட்டர்.

இன்னொரு முறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். 0.9. 1.0. அறிவரசன் கை கொடுத்தான். என் இடத்துக்குக் காத்திருப்பவன், ஆனாலும் நல்ல பையன்தான்.

14 ஏப்ரல்

சித்திரை ஒன்று. சமையல்காரர் அங்கமுத்து மாங்காய்ப் பச்சடி செய்தார். சாப்பாடு முதல்முறையாக வயிற்றில் நின்றது. காலையில் கப்பல் மிதவையின் மறுபக்கத்துக்குப் போனபோது முகப்பிலிருந்து நீர்த்தூவல் பலமாக அடித்தது. கீழ்த்தளமெல்லாம் நனைந்தது.

சாயந்திரம் என் கணினி 2.1 என்கிறது. மிதவை 1.0. வெளியே எட்டிப் பார்த்தால் கடல் சாதுவாகக் கிடக்கிறது. என்ன இது?

16 ஏப்ரல்

2.7. மிதவை 1.1. சாப்பாட்டு மேசையில் ஒருவர், "மேகலா கடல்ல மட்டும் புயல்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்கு வந்து அழுதேன்.

கேபிள் சரி. மென்பொருள் சரி. கப்பலின் ஆட்டத்தைக் கழிக்கும் கணக்கை மூன்று முறை பார்த்துவிட்டேன். கீழிருந்து வரும் சிக்னல் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. சிக்னல் குறைந்தால் அலை பெரிது என்றுதானே அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்? அது சொன்னபடிதான் கேட்கிறது.

வேணுகோபால் சார் பத்தொன்பது வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.

17 ஏப்ரல்

அறிவரசன் பரிதாபப்பட்டு ஒரு வழி சொன்னான். "பதினாலாம் தேதிலேர்ந்து ஏறிப்போன அளவையெல்லாம் 0.4 ஆல பெருக்கிடு. மிதவையோட ஒட்டிக்கும். கடல்ல திருத்தம் போடறது சகஜம்."

போட்டுப் பார்த்தேன். கோடு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று படிந்து அவ்வளவு அழகாக இருந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் 0.4 என்று யாராவது கேட்டால்? என்னடி சொல்வாய்? இடம் வேணும்னு போட்டேன் என்றா?

அழித்துவிட்டேன். அழித்த பிறகு, பைத்தியமா எனக்கு என்றும் தோன்றியது.

18 ஏப்ரல்

அதிகாரியிடம் அனுமதி வாங்கி, பாதுகாப்பு பெல்ட் கட்டி, கீழ்த்தளக் கம்பிக்குப் போனேன். திருகு தளர்ந்திருக்கிறதா பார்க்கத்தான் போனது. ஆன்டெனாவின் வெள்ளை மூடியில் கை பட்டது.

சொரசொரப்பு. ஈரம்.

அந்தச் சொரசொரப்பு எனக்குத் தெரியும். ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் இருப்பது. தூசியின்மேல் பனி இறங்கி, வெயிலில் காய்ந்து, மறுபடி பனி இறங்கி, சிமெண்ட் மாதிரி இறுகிப்போவது. இரண்டு மாதம் மாடியில் வானத்தைப் பார்த்துக் கிடந்ததல்லவா! மூடியும் வெள்ளை, படிவும் வெள்ளை, கண்ணுக்குத் தெரியவில்லை. காய்ந்திருந்தவரை ஒன்றும் செய்யவில்லை, பள்ளத்திலும் முதல் நாளிலும் அளவு சரியாக வந்தது. கடல்நீர் பட்டதும் அதை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொண்டது. உப்புத்தண்ணீர்ப் படலம் சிக்னலைத் தின்கிறது. உச்சி ஆன்டெனாவிலும் தூசி உண்டு, ஆனால் நீர்த்தூவல் அங்கே எட்டாது. சிக்னலைக் குறைத்தது அலை இல்லை. அரியலூர்!

எங்கள் வீட்டிலேயே துடைக்காத ஒரே பொருள். துடைக்காதே என்று அட்டை எழுதி ஒட்டியவள் நான்.

வெறும் துணிக்கு அது அசையாது. அம்மா ஜன்னலுக்கு என்ன செய்வாள் என்று நினைத்ததும் சமையலறைக்கு ஓடினேன். "அண்ணே, கொஞ்சம் புளி வேணும்." அங்கமுத்து அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் கொமட்டுதாம்மா?" என்றார்.

புளிக்கரைசலைத் துணியில் நனைத்து ஒத்தி வைத்தேன். பத்து நிமிடத்தில் நெகிழ்ந்து பால் மாதிரி வழிந்தது. பிறகு நல்ல தண்ணீர், காய்ந்த துணி. திரும்பிப் பார்த்தால் வேணுகோபால் சார் மேல்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். கை முழுக்கப் புளி. என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னேன்.

"நாளைக்கு நம்பர் சொல்லட்டும்" என்றார்.

19 ஏப்ரல்

காலை: மிதவை 1.0, நான் 1.1.

மதியம் தெற்கிலிருந்து காற்று ஏறியது. கப்பல் ஆட ஆரம்பித்தது. எல்லோரும் படுக்கப் போக, நான் மட்டும் திரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1.4. 1.8. மிதவையும் 1.4, 1.7. மாலை ஐந்து மணிக்கு மிதவை 2.2, நான் 2.3. எந்தப் பெருக்கலும் இல்லை! முந்தாநாள் அந்த 0.4 ஐ விட்டு வைத்திருந்தால் இன்று ஒரு மீட்டர்கூடக் காட்டியிருக்காது.

வேணுகோபால் சார் இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். "துடைக்காம விட்ட நாலு நாளையும் அறிக்கையில அப்படியே போடு" என்றார். அவ்வளவுதான். அறிவரசன் பெருமூச்சு விட்டு, "என் கேமராவுக்கு வேற கம்பி பாக்கறேன்" என்றான்.

வாந்தி எடுத்துக்கொண்டே சந்தோஷமாக இருக்க முடியும் என்று இன்றுதான் தெரிந்தது.

24 ஏப்ரல், அரியலூர்

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். அம்மா தையல் மெஷினை நிறுத்தவே இல்லை.

"ரெண்டு மாசம், தெனம் மாடி ஏறுறப்பல்லாம் எனக்குக் கையி அரிச்சுது. நீதான் எழுதி ஒட்டிட்டியே. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலாம். மாடிக்குப் போய் அந்த அட்டையைக் கிழித்தேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

கருவி கப்பலிலேயே இருக்கப் போகிறது. அடுத்த மாதம் மறுபடி பயணம், இந்த முறை மழைக்காலக் கடல். கப்பல் அலுவலகம் பராமரிப்புப் படிவம் கேட்டிருந்தது. 'சுத்தம் செய்யும் முறை' என்ற இடத்தில் எழுதினேன்: தினமும் ஈரத்துணி, படிவு இருந்தால் புளிக்கரைசல் பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீர், காய்ந்த துணி. 'முறையை வகுத்தவர்' என்ற கட்டத்தில்: கொ. ஜெயசித்ரா, அரியலூர்.

இன்று வேணுகோபால் சாரே கூப்பிட்டார். "யாரும்மா இந்த ஜெயசித்ரா? எந்த நிறுவனம்?"

"எங்க அம்மா சார்."

எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அப்படின்னா அவங்க கையெழுத்து வேணும்மா. தேதியோட."

படிவத்தை மறுபடி அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். எதற்கு என்று விளக்கியதும், "ஆத்தி, கப்பலுக்கா?" என்றாள். பிறகு எழுந்து போய் உலர்ந்த துணி ஒன்றை எடுத்து வந்தாள். மேசையைத் துடைத்தாள். பேனாவைத் துடைத்தாள். படிவத்தையும் ஒருமுறை மெதுவாகத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.