திரும்பி வர அனுமதி இல்லை

1984 பிப்ரவரி 3, டூய்ஸ்பர்க்

ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வந்தால், என் கணவர் துர்முஷ் சமையலறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எஃகு ஆலையில் அவர் பிரிவையே மூடுகிறார்களாம். நிரந்தரமாகத் துருக்கிக்குத் திரும்புகிறவர்களுக்கு ஜெர்மன் அரசாங்கம் பணம் தருகிறது. வாங்கினால் மறுபடி இங்கே குடியேற முடியாது.

“பதினாலு வருஷம் போதும் செவிம். நம்ம வீட்டுல போய் உக்காருவோம்.”

சொந்த ஊர் யோஸ்காத்தில் கட்டிய அந்த வீட்டில் நான் மொத்தமே நாற்பது நாள் இருந்திருப்பேன். நம்ம வீடு எது?

பிப்ரவரி 12

நில்குன் தட்டைத் தள்ளிவிட்டாள். “எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா. முடி வெட்டுற கடையில இன்னும் ஒரு வருஷம் பயிற்சி பாக்கி. நான் வரல.”

“அப்போ எனக்கு மகளே இல்ல” என்றார் அவர்.

“சரி, இல்ல!”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். எப்போதும் அப்படித்தான் நான்.

மார்ச் 1

திரும்பிப் போகும் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். மறுத்திருக்கலாம். அந்த மனுஷன் தனியாப் போய் என்ன பண்ணுவாருன்னு நினைச்சேன். இவ தனியா என்ன பண்ணுவான்னு ஏன் நினைக்கல —

ஜூன் 9

நாளை கிளம்புகிறோம். நில்குன் தோழியின் அறைக்குப் போய்விட்டவள், இன்று சாயங்காலம் கத்தரிக்கோலோடு வந்தாள். “உக்காரும்மா. அங்க யாரு உனக்கு ஒழுங்கா வெட்டிவிடுவாங்க?”

“ஆடாதம்மா” என்று இரண்டு தடவை அதட்டினாள். நான் எங்கே ஆடினேன்? அழுதுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 20, யோஸ்காத்

ரொட்டிக் கடையில் வரிசை என்று நினைத்து ஒருத்தி பின்னால் நின்றேன். எல்லோரும் இடித்துக்கொண்டு முன்னே போனார்கள். “ஏ ஜெர்மன்காரி, நீ அங்கயே நின்னா நாளைக்குத்தான் ரொட்டி!” என்று சிரித்தான் கடைக்காரன். ஜெர்மனியில் பதினாலு வருடமும் நான் துருக்கிக்காரி.

அக்டோபர் 30

குளிர் வந்துவிட்டது. அவளிடம் தடித்த கோட்டு இருக்கிறதா என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

1985 ஜனவரி 17

மகளைப் பார்த்துவர விசா கேட்டிருந்தேன். இல்லை என்றுவிட்டார்கள். துர்முஷ் விடியுமுன் எழுந்து, சட்டை மாட்டி, ஷூ போட்டு உட்கார்ந்துவிடுகிறார். போக இடமில்லை. இன்று கேட்டார்: “தப்புப் பண்ணிட்டமா?”

நான் டீ போடப் போய்விட்டேன்.

ஏப்ரல் 22

ஏழு கடிதம் போட்ட பிறகு பதில் வந்தது. ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இருக்கும். அவருக்கு அதைப் படிக்க வராது.

“இனி எழுத வேண்டாம் அம்மா. உன் கடிதம் வந்தால் ஒரு வாரம் எனக்கு எதுவும் ஓடுவதில்லை. நான் வரமாட்டேன். உன்னால் வர முடியாது. விட்டுவிடுவோம்.”

துர்முஷ் எதிரே நின்றுகொண்டிருந்தார். “என்ன எழுதியிருக்கா?”

“ஜூலையில வர்றாளாம்” என்றேன்.

ஏப்ரல் 23

காலையிலேயே துர்முஷ் சுண்ணாம்பு வாங்கி வந்து பின்னறைக்கு வெள்ளையடித்தார். பாட்டெல்லாம் பாடினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.