யந்திர ஆமையும் அப்பாவின் காலும்

சங்கரன்கோவில்,
ஆவணி, 1952

அன்பு மகன் சங்கரபாண்டியனுக்கு, சித்தி கோமதித்தாய் எழுதுவது. நான் சுகம். அந்தச் சீமைக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் சுகம் என்ற வரியை இந்தத் தடவை என்னால் எழுத முடியவில்லை.

ஆடிச்சுற்று அன்று கோயிலில் நான் வாய்திறந்து சொல்லாதது ஒன்று உண்டு. 'அது உங்கள் ரத்தம்தான்' என்று அப்பாவிடம் சொல்லவில்லை. உன் பரீட்சைக்காகப் பிரகாரத்தை நூற்றொரு சுற்று சுற்றுவதாக நேர்ந்திருந்தார். வழக்கம்போல் வெறுங்கால்தான். வளையல் கடைகளைத் தாண்டும்போது பின்னால் வந்த எதிர்வீட்டு முத்துத்தாய் அக்கா, "அண்ணாச்சி, தரையெல்லாம் ரத்தமா கெடக்கு, பாத்துப் போங்க" என்றாள். அப்பா நின்று, "யாருக்கும்மா காயம்? சின்னப் பிள்ளைய எவனும் மிதிச்சிட்டானா?" என்று கூட்டத்தில் தேடினார். உடைந்த வளையல் சில்லு அவருடைய இடது உள்ளங்காலில் பாதி புதைந்திருந்தது. எத்தனை சுற்றாக அதை மிதித்து நடந்தாரோ தெரியாது. நான் குனிந்து காலைப் பிடித்தேன். சுற்றுகிறவர்களின் கால்வலியை அம்மன் வாங்கிக்கொள்வாள் என்பதுதானே இந்த ஊர் நம்பிக்கை, சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், "அண்ணாச்சி வலிய ஆத்தா அப்படியே எடுத்துக்கிட்டாளே" என்று அக்கா கண்கலங்கினாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சில்லை எடுத்துத் துணியைக் கட்டிவிட்டேன். பாதியில் விட்டால் உனக்கு ஆகாது என்று மிச்சச் சுற்றையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நீரிழிவு பல வருஷமாக நரம்பை அரித்திருக்கிறது, பாதத்தில் எது பட்டாலும் தெரியாது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். புண் ஆறவில்லை. இப்போதெல்லாம் என் கால்தான் கூசுகிறது, தரையில் ஓர் அரிசிமணி கிடந்தாலும் தெரிகிறது.

இதற்கு நடுவில்தான் உன் கடிதம் வந்தது. காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அப்பா முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். உங்கள் காலேஜில் ஒருவர் செய்த யந்திர ஆமை வெளிச்சத்தைத் தேடிப் போகும், மிகவும் நெருங்கினால் விலகும், அதன் ஓடு லேசாகத் தொங்குவதால் எதன்மேலாவது இடித்தால் அசைந்து உள்ளே கம்பிகள் தொட்டுக்கொள்ளும், உடனே திரும்பி வேறு வழியில் போகும் என்று எழுதியிருந்தாயே. "நம்ம வண்டிக்காரத் தங்கப்பழம் மாட்டுக்கு அந்தப் புத்தி இருந்தா எத்தனை சுவரு தப்பியிருக்கும்" என்று சிரித்தார். பிறகு கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். "ஏட்டி கோமதி, அவன்கிட்ட ஒண்ணு கேட்டு எழுது. அந்த ஓடு மாதிரி என் செருப்புக்கு அடியில மாட்ட முடியுமா? முள்ளு கிள்ளு குத்தினா மணியடிக்கட்டும், நான் விலகிக்கிடுதேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லுகிறார் என்றுதான் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அப்படியென்றால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. நீயும் நரம்பு, வியாதி என்று அவருக்கு விளக்கி எழுதாதே, அம்மன் வாங்கிக்கொண்டதாகவே இருக்கட்டும். செருப்புக்கு ஒரு படம் மட்டும் வரைந்து அனுப்பு. உனக்காக நேர்ந்ததால்தானே என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, நீ இல்லாவிட்டாலும் வேறு எதற்காவது சுற்றியிருப்பார். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. குளித்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள். என் அக்கா, உன்னைப் பெற்றவள், இருந்து செய்யவேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே செய்கிறேன். நன்றாக இரு மக்கா.

இப்படிக்கு,
உன் சித்தி
ச. கோமதித்தாய்

இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அப்பாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நேற்று இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், இடது உள்ளங்காலில் ஏதோ குத்துகிறது, எடுத்துவிடு என்றார்.