மதினியின் பெயரில் வந்த உத்தரவு

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் நிறைந்துவிட்டது. அண்ணன் நன்றாக இருக்கிறார். முதலில் அதைத்தான் கேட்பீர்கள். நேற்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் புளி தூக்கல் என்று மதினியிடம் குறையும் சொன்னார்.

ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் எனக்கு மனசு ஆறவில்லை. பர்மா சண்டையில் லாரி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் அண்ணன் வீடு வந்தபோது, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கென்று சர்க்கார் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தது. அந்தக் காகிதத்தில் உங்கள் பெயரை எழுதச் சொன்னீர்கள். வீட்டுப் பொம்பளை பெயர் சர்க்கார் காகிதத்தில் எதற்கு என்று நினைத்தீர்கள். உங்கள் மேல் தப்புச் சொல்லவில்லை, அப்பா. நானும்தான் பக்கத்தில் நின்றேன். ஆனால் அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்தது யார்? பீ, மூத்திரம் அள்ளியது யார்?

உங்கள் காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அந்த உதவி நின்றுபோயிற்று. பார்த்துக்கொண்டவர் இறந்துவிட்டாராம், அதனால் இனி இல்லையாம். மதினி வில்லாபுரத்து வயல்களுக்கு நடவுக்குப் போக ஆரம்பித்தார். நான் மில்லில் இருக்கும் நேரம் அண்ணன் தனியாகக் கிடந்தார். ஒரு நாள் தண்ணீர்ச் செம்பை எட்டப்போய்க் கட்டிலிலிருந்து விழுந்து, மதினி வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். மறுநாள் காலையில் மதினி, "வண்டியக் கட்டுங்க கொழுந்தனாரே. மூணு பேரும் நேர்ல போயிக் கேப்போம்" என்றார்.

போனோம். பட்டாளத்து ஆபீஸ் குமாஸ்தா ஏட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "புருஷனப் பொஞ்சாதி பாத்துக்கிறதுக்கு சர்க்கார் எதுக்கும்மா பணம் குடுக்கணும்? அது உன் கடமை இல்லையா?"

 நம் வீட்டில் குரல் உயர்த்தி அறியாத மதினி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "கடமைதான் சார். நான் கூலி கேக்கல. நான் நடவுக்குப் போனா இவுக விழுந்து கெடக்காக. இவுக பக்கத்துல இருந்தா வீட்டுல அடுப்பு எரியல. ரெண்டுல எதச் செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

குமாஸ்தா ஏட்டை மூடினார். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் உதவித்தொகை கிடைக்கும் என்று எங்களைப் பட்டாளத்து டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் அண்ணனைக் குப்புறப் படுக்க வைத்து முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். "எத்தன வருஷமாப் படுக்கை?" என்று கேட்டார்.

"நாலு வருஷமாச்சு" என்றேன்.

"ஒரு புண்ணுகூட இல்லையே! ஆஸ்பத்திரியில வச்சிருந்தாக்கூட படுக்கைப் புண்ணு வந்துரும். யாரு பாத்துக்கிட்டது?"

மதினி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் குப்புறக் கிடந்தபடியே சொன்னார்: "இவதான் டாக்டர். எங்கப்பா எனக்குப் பேச்சுத்துணை. தூக்குனது, தொடச்சது, அம்புட்டும் இவ."

டாக்டர், நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைக்கிற இரண்டு ஆர்டர்லிகளைக் கூப்பிட்டு, "இந்தம்மா எப்படித் திருப்புறாங்கன்னு பாத்துக் கத்துக்கங்கப்பா" என்றார். மதினி வெட்கத்தோடு அண்ணனின் தோளுக்கடியில் ஒரு கையும் தொடைக்கடியில் ஒரு கையும் கொடுத்து, ஒரே மூச்சில் மெல்லத் திருப்பினார். விரிப்பின் சுருக்கங்களை நீவிவிட்டார். அந்த இரண்டு வாட்டசாட்டமான ஆம்பளைகளும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் ஒரு தடவைகூட நின்று அதைப் பார்த்ததில்லையே, அப்பா.

டாக்டர் எழுதிக் கொடுத்தபடி, உதவித்தொகை உத்தரவு மதினியின் பெயரிலேயே வந்தது. வாசித்துக் காட்டினேன். "எம் பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொரு தடவ வாசிங்க" என்றார். உங்கள் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர் இருப்பதில் உங்களுக்கு வருத்தமா? இருக்காது என்றுதான் என் மனசு சொல்கிறது.

டாக்டர் இன்னொரு உதவியும் செய்தார். மதினி ஓய்வெடுக்க, வருஷத்தில் சில நாள் ஒரு ஆர்டர்லி வீட்டுக்கே வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வார். அதனால் போன மாதம் கல்லுப்பட்டியில் தன் தங்கை கல்யாணத்துக்கு மதினி ஐந்து நாள் போய்வந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவை பிறந்த வீட்டில் தங்கினார். ஆர்டர்லியோடு சேர்ந்து நானும் வேலை பழகினேன். முதல் நாள் நான் திருப்பியதும், "டேய், நான் என்ன நெல்லு மூட்டையாடா?" என்று அண்ணன் கத்தினார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் தூங்கிவிட்டார்.

திரும்பி வந்த மதினி, கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலையை ஆள் மாற்றிப் போட்டுத் திண்டாடியதைச் சொல்லச் சொல்ல, அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்களும் கேட்டிருக்க வேண்டும்.

அப்பா, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் என் பொறுப்பு. அன்றைக்கு மதினி கோவிலுக்குப் போகட்டும், தூங்கட்டும், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். என் உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஒரு ஞாயிறும் தவறமாட்டேன்.

உங்கள் சின்ன மகன்,
அண்ணனுக்குத் தம்பி, மதினிக்குக் கொழுந்தன்.