அரக்குச் சிமிழில் அடைபட்ட வெள்ளச் செய்தி

நன்று விளைக. முதிரையாறு கடல்புகும் தடங்கரை நாட்டை ஒரு குடைக்கீழ்க் காக்கும் கோப்பெருமாட்டி பூங்குழைத் தேவியாரின் திருவுளப்படி, பேரமைச்சர் நெடுங்கீரன் எழுதுவித்த ஓலை. அந்த ஆறு பிறக்கும் உயர்வரை நாட்டின் பேரமைச்சர், மலையும் மழையும் போற்றும் பெருஞ்சாத்தனார் காண்க. உம் அரசர் நோயின்றி வாழ்க. உம் சுனைகள் வற்றாதிருக்க. வாழ்த்து இவ்வளவே, இனி வருவது வழக்கு.

இவ்வாற்றங்கரையின் ஐந்து நாட்டுச் சான்றோரும் ஆற்றுமுகத்தில் கூடி ஓலைக்கு ஒரு மரபு வகுத்ததை நீர் அறிவீர். விடுப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் பொருளும் புறவேட்டில் விளங்கவேண்டும். ஏடுகள் எண்ணிட்டுக் கயிற்றில் கோக்கப்படவேண்டும். எந்நாட்டார் கையிலும் கருவியின்றி அவிழவேண்டும். உம் முன்னோரும் அதில் கைச்சாத்திட்டனர். இன்றோ ஓலை எழுதி விடுக்கும் உமது ஓலைச்சாலை, எவரையும் கேளாமல், ஏடுகளைச் சுருட்டி அரக்குச் சிமிழில் அடைத்து அனுப்புகிறது. அச்சிமிழ் உம் சாலையார் வைத்திருக்கும் கொக்கிக்கன்றி வேறெதற்கும் வாய் திறவாது.

இதனால் அல்லற்பட்டவர் எம் ஓலைநாயகி அல்லியங்கோதையார். அயல்நாட்டு ஓலைகளைப் படித்து அவைக்கு உரைப்பதும் மறுவோலை எழுதுவதும் அவர் பொறுப்பு. முதற்சிமிழ் வந்தபோது அவர் சினவாமல், திறக்க இயலவில்லையென்று பணிவாகவே உம் சாலைத்தலைவருக்கு எழுதினார். எங்கள் நாட்டில் அனைவரும் எளிதில் திறக்கின்றனர், குற்றம் உங்கள் கைகளில்தான் என்று மறுமொழி வந்தது. அதுவும் சிமிழுக்குள்ளேயே வந்தது! கொல்லரைக் கொண்டு கொக்கி செய்வித்தே அவ்வசையை அவர் படிக்க நேர்ந்தது. அக்கொக்கி கைக்குப் பழகுமுன் சிமிழின் வாயை மாற்றினீர். வேறு கொக்கி செய்வித்தார், மீண்டும் மாற்றினீர்.

இழப்பு அவர் பொறுமையோடு நின்றிருந்தால் இவ்வோலை எழுந்திராது. கதிர் முற்றியிருந்த காலத்தில் மற்றொரு சிமிழ் வந்தது. புறத்தே பொருள் இல்லை. உம் தூதுவரைக் கேட்டால், சுமப்பதே தம் கடன், உள்ளிருப்பதைத் தாம் அறியார் என்றார். இருந்த கொக்கிகளோடு போராடியே பகற்பொழுதுகள் கழிந்தன. முடிவில் அல்லியங்கோதையார் அதைக் கல்லில் வைத்து உடைத்தார். ஏடுகள் அரக்கோடு ஒட்டிப் பொடிந்தன. உம் மலைமேல் நீர் தேக்கும் பேரேரி என்ற சொல்லும் மடை என்ற சொல்லுமே தேறின. மடையைத் திறப்பீரோ அடைப்பீரோ என்று சொல்ல ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை.

வீணே ஊரைக் கிளப்பினால் பழி, கிளப்பாவிடில் பிணம் என்று நடுங்கிய அவர், அரசாணைக்கும் காத்திராமல் கரையோரப் புலியந்துறைக்குக் குதிரையில் விரைந்தார். பறையறைவித்து, யாவரும் மேட்டுக்கு ஏறுமாறு வேண்டினார். அறுவடைக்கு அரிவாள் தீட்டிக்கொண்டிருந்த சாத்தி என்னும் உழத்தி அவரை மறித்தாள்.

"படிக்கவே முடியாத ஓலைய நம்பி, வெளஞ்ச கதிர விட்டுட்டு எப்பிடித் தாயி வாரது?"

"எனக்கும் தெரியலம்மா. பொய்யாப் போனா என்னைய வைஞ்சுக்க. இப்பப் புள்ளைகளத் தூக்கு" என்றார் அல்லியங்கோதையார்.

மறுநாள் விடியுமுன் உம் மடை திறந்த வெள்ளம் வந்தது. உயிரோடு மேட்டில் நின்ற மக்கள், தம் கதிர் போவதையும் தொழுவத்தில் விட்டுவந்த மாடுகள் போவதையும் கண்டனர். அச்செய்தி வந்த அன்றே விளங்கியிருந்தால், கதிரை அறுக்கவும் மாட்டை ஓட்டவும் பொழுதிருந்தது. உம் சாலையாரின் செருக்கு அப்பொழுதைத் தின்றது.

நாமும் சிமிழ் செய்து இவர்களைத் தவிக்கவிடுவோம் என்று எம் அவையில் சிலர் கொதித்தனர். ஐந்து நாடும் ஐந்து சிமிழ் செய்தால் இவ்வாற்றங்கரையில் எவர் சொல்லும் எவருக்கும் எட்டாது என்று அல்லியங்கோதையாரே தடுத்தார். தேவியாரும் அதற்கு இசைந்தனர்.

ஆதலின் தேவியார் பணித்தருள்வது: மரபுவழி வாராத எதுவும் இனி எம் நாட்டில் ஓலை எனப்படாது. உம் சாலை திருந்தும்வரை, மடைச் செய்தியை வாயால் உரைக்கவல்ல ஆளை அனுப்புக. சேறு காயுமுன் புலியந்துறைக்கு வித்தும் உழவுமாடும் வந்து சேர்க. அங்கே மாடில்லாத உழவர் தாமே நுகத்தில் தோள்கொடுத்து ஏரிழுக்கின்றனர். சாத்தியோடு ஒரு நுகத்தில் எம் ஓலைநாயகியும் நிற்கிறார். இவ்வோலை அவர் கையெழுத்தில் வாராமைக்குக் காரணம் அதுவே.

எம் அரச முத்திரையாகிய நாரைப்பொறி இட்டோம். நீர்வழி அடைபடாதொழிக, சொல்வழி அதனினும் அடைபடாதொழிக.